கால் ரெண்டு, மார் ஒண்ணு, தலை ஒண்ணு

சித்தூரில் நான் வேலை பார்க்கும் மாம்பழக்கூழ் ஆலையின் வாசலில் நின்று, நடுவானில் கழுகுகள் எனக்கு ஒதுங்கி வழிவிட்ட வரலாற்றை வாட்ச்மேனுக்கு ஆயிரத்தோராவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நகரியிலிருந்து தாமோதரனின் மனைவி கமலா.

"அண்ணா, காலைல தறி ஓட்டிக்கினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள..."

பதினொரு வருடம் என்னோடு மலை விளிம்பிலிருந்து குதித்தவன், தரையில் நின்றபடி போய்விட்டான்.

ஞாயிறுதோறும் கார்வேட்டிநகரத்து மலைக்குப் பாராகிளைடரை முதுகில் சுமந்து வந்த உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். நீங்கள் முழங்கால் வலி, மகன் வீடு பெங்களூர் என்று ஒவ்வொருவராக நின்றுகொண்டீர்கள். மிச்சமிருந்த ஆகாயத்தை நானும் தாமுவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அரசாண்டோம். விசைத்தறிக்காரன் அல்லவா, இறக்கைத் துணியை விரலால் தடவியே எந்த இடம் நலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

கிளம்புமுன் உரக்கச் சொல்லும் நம் மலையின் அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் உடம்பை இறக்கையோடு பிணைக்கும் எல்லாப் பட்டைகளையும் மாட்டிக்கொண்ட பிறகு எனக்கு ஒதுங்கவேண்டி வந்தது. கழற்றிப்போட்டுப் போய்த் திரும்பினேன். ஆடு மேய்ப்பவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாபெரும் சபைக்கு உரையாற்றியபடியே மார்ப்பட்டையை மட்டும் மாட்டினேன். கால் பட்டைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓட எடுத்த காலோடு தாமு பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அப்படியே கிளம்பியிருந்தால் இருக்கையிலிருந்து வழுக்கி ஆயிரம் அடி கீழே போயிருப்பேன்.

"கழுகே எனக்கு வழிவிடும்டா" என்றேன், தொங்கிய பட்டைகளைத் தேடிக்கொண்டே.

"கழுகுக்கு பக்கிள் கெடையாது மாமா. உனுக்கு இருக்குது. காட்டு."

அன்றிலிருந்து பறக்கப்போகிறவன் "கால் ரெண்டு, மார் ஒண்ணு, தலை ஒண்ணு" என்று உரக்கச் சொல்லவேண்டும். இன்னொருவன் கால், மார், ஹெல்மெட் என்று ஒவ்வொரு பக்கிளாகக் கையால் இழுத்துப் பார்த்து "போய்ட்டு வா" என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் வராமல் யாரும் இறக்கையைத் தூக்கக்கூடாது.

இன்னொரு நாள், என் வீரத்தைக் காணத் திருப்பதியிலிருந்து என் மச்சினன் குடும்பமே வேன் பிடித்து வந்திருந்தது. விளிம்புப் புதரில் தாமு கட்டியிருந்த சிவப்பு நூல், முகத்துக்கு வரவேண்டிய காற்று முதுகிலிருந்து வருவதைக் காட்டியது. அவன் இறக்கையை மடித்தான். இரண்டு மணி நேரம் மூட்டையோடு இறங்கினோம். அடிவாரம் சேர்ந்தபோது காற்று பசுமாடுபோல் சாதுவாகியிருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன்.

"நடந்து எறங்கினத எவனும் பேப்பர்ல போடமாட்டான் மாமா. அதான் எனுக்கு வேணும்" என்றான்.

நகரியில் அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என் கை தானாகப் போய் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தது. இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்துச் சொல்லவேண்டியதை இழவு வீட்டில் சொல்லக்கூடாது. வெளியே வந்தேன்.

போன ஞாயிறு தனியாக மலை ஏறினேன். சிவப்பு நூல் இன்னும் புதரில் இருந்தது. காற்று பதினொரு வருடத்தில் வராத அழகில் முகத்துக்கு நேராக வந்தது. பட்டைகளை மாட்டிக்கொண்டு, மலை அதிர, "கால் ரெண்டு, மார் ஒண்ணு, தலை ஒண்ணு" என்றேன். எல்லா பக்கிளையும் நானே இழுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தன. ஆகாயம் முழுவதும் இப்போது எனக்கே. "போய்ட்டு வா" மட்டும் வரவில்லை. பிறகு இறக்கையை மடித்தேன்.

பாதி வழியில் ஆட்டுக்காரர், "ஏம் சார், ஈ ரோஜு எகரலேதா?" என்றார். இன்று பறக்கவில்லை என்று தலையாட்டினேன். என் வாயில் கதை எதுவும் வராததைப் பார்த்து அவர்தான் பயந்துபோனார்.

அந்த நூலை அவிழ்த்து வந்து என் ஹெல்மெட்டில் கட்டியிருக்கிறேன். அவனுடையதாக என்னிடம் இருப்பது அதுவும், பறக்காமல் இறங்கத் தெரிந்த இந்த இரண்டு கால்களும்தான்.

நான் நடந்து இறங்கியதை எந்தப் பேப்பரும் போடவில்லை, தாமு.