நல்ல சேதிக்கு ஹாரன்

பாம், பாம், பா...ம். காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் இப்படி ஹாரன் அலறினால் யாரும் பதறி ஓடிவருவதில்லை. யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளி வேன் ஓட்டும் நவமணி அந்த வீட்டுக் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "வீரம்மா அக்கா, கண்ணு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சாமே. பாருங்க, நா அழகா தெரியிறேனா?" என்று கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். பின்னால் சீருடையில் தூங்கி வழியும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். தூக்கம் கெட்ட நான் மட்டும் சிரிப்பதில்லை.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பு இது. தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து வந்தவர்கள்தான் பாதிப் பேர். நவமணியும் அப்படி வந்தவரே. வயது ஐம்பதை நெருங்குகிறது. முழங்கை வரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை, முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். கணவர் தேவனுக்கு சிங்கப்பூரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். அவர் வந்தாலும் ஹாரன் உண்டு, சொந்த வீட்டு வாசலிலேயே.

எதற்கெல்லாம் ஹாரன் என்று கணக்கே கிடையாது. முதலாம் ஆண்டுப் பையனுக்குப் பல் விழுந்தால் ஹாரன். மூலை வீட்டுச் சீன அம்மாவின் பூனை குட்டி போட்டால் ஹாரன். எதிர்வீட்டுக் கனகராஜ் புதுக் கார் எடுத்தபோது அடித்த அடியில் என் நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அன்று முழுக்க வெளியே வரவில்லை.

ஒருநாள் வழிமறித்துக் கேட்டேவிட்டேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், நான் முருகன் கோவிலுக்குப் போகிறவன், அதுவும் சத்தமில்லாமல் போய்வருகிறவன்.

"ஏம்மா, சந்தோஷத்த மனசுக்குள்ளயே வச்சுக்கக் கூடாதா?"

"அதெப்படிண்ணே? எங்க வேதத்துல சந்தோஷப்படுன்னு மட்டும் போடலலா. கைதட்டச் சொல்லிருக்கு, சத்தமா பாடச் சொல்லிருக்கு, எக்காளம் ஊதச் சொல்லிருக்கு. எக்காளத்துக்கு நா எங்க போவேன்? என்கிட்ட இருக்கிறது இதான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார்.

இன்னொன்றும் சொன்னார். சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான், அழுகிறவர்களோடு அழு என்று வேதம் சொல்கிறதாம். "அழுறது லேசுண்ணே. சாவு வீட்டுக்கு யாரும் போயிடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒண்ணு கெடைச்சு நமக்குக் கெடைக்காதப்போ அவன்கூட சேந்து சிரிக்கிறதுதான் கஷ்டம். அதான் அத முதல்ல வச்சிருக்குன்னு நா நெனைச்சுக்குவேன்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதற்குச் சோதனை இந்த ஆண்டு வந்தது.

நவமணியின் மகள் பிரமிளாவும் கனகராஜின் மகள் தினேஸ்வரியும் அந்த வேனில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். இருவரும் மெட்ரிகுலேஷனுக்கு, பல்கலைக்கழகத்துக்குச் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் ஓராண்டுப் படிப்புக்கு, விண்ணப்பித்திருந்தார்கள். அந்த இடத்துக்காக நம் வீடுகளில் எப்படிக் காத்துக் கிடப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவு கைப்பேசியில் மலாயில் வந்தது. பிரமிளாவின் திரையில் முதல் சொல் 'டுக்காசித்தா', வருந்துகிறோம் என்று. தினேஸ்வரியின் திரையில் 'தஹ்னியா', வாழ்த்துகள்.

கனகராஜ் வீட்டில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாங்கிவந்த லட்டுப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "அவங்க மூஞ்சிய எப்படிண்ணே பாக்குறது? கொஞ்ச நாள் சொல்லாம இருப்போம்" என்றார் கனகராஜ் என்னிடம், குரலைத் தாழ்த்தி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நவமணி ஹாரன் அடிக்காவிட்டால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றாகிவிடும். அடித்தால் பெற்ற மனம் என்ன பாடுபடும்? நினைக்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேன் தெருவுக்குள் வந்தது. வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து நிறுத்தினார். கண்கள் வீங்கியிருந்தன.

"அழுதியாம்மா?"

"அழாமலா? நானும் அழுதேன், அவளும் அழுதா. யூனிவர்சிட்டிக்கு ஃபார்ம் சிக்ஸ் வழியும் இருக்கு, படிப்பா. தினேஸ்வரிக்குக் கெடைச்சத வேன் பிள்ளைங்க சொல்லிருச்சுங்க. இப்போ பிரமிளாதான் போன்ல சொன்னா, நீ போயிட்டு வாம்மா, எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்னு."

"உனக்கு மட்டும் மனசு வந்திருச்சா?"

"எங்க வந்துச்சு? வரட்டும்னு உக்காந்திருந்தா வராதுண்ணே. தோணுனா சந்தோஷப்படுன்னா எழுதிருக்கு? படுன்னுதானே இருக்கு. நா முன்னால போறேன், மனசு பின்னால வரட்டும்."

வேன் நகர்ந்து கனகராஜ் வீட்டு முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கினார். பிறகு அடித்தார் பாருங்கள், புதுக் காருக்கு அடித்ததெல்லாம் அதன் கால்தூசி பெறாது. நானும் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்திருக்கிறேன். கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

கேட் திறந்தது. கனகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் மகள் நிமிரவே இல்லை.

"ஆன்ட்டி... சாரி ஆன்ட்டி."

"எதுக்குலா சாரி? திருடிட்டா வந்த? லட்டு எங்க? எனக்கொண்ணு, பிரமிளாவுக்கு ஒண்ணு. போனக் கொண்டா, நானே படிக்கணும்."

லட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி 'தஹ்னியா' என்று தொடங்கினார். தினேஸ்வரியின் முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி வாசித்தார். கல்லூரியின் பெயருக்கு வரும்போது திரைமேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்து எழுத்து கலங்கியது. தினேஸ்வரியின் அம்மா பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார். நவமணி அதை வாங்கி, முகத்தை அப்படியே விட்டுவிட்டு, திரையைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடியும் உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.