கலோலைனே யாரிடம் பேசினாள்

டோங்கா நாட்டின் வவாவு தீவில் வெனிலாக் காய் உலர்த்தும் கொட்டகைக்குப் போகிறவர்கள் காதில் முதலில் விழுவது விகாவின் குரல்தான். காய்களைத் தரம் பிரிக்கும் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருப்பாள். கை ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். பாதிரியாரின் நடை, படகுக்காரனின் தொந்தி, ஒன்றையும் விடமாட்டாள். "விகா வாயைத் திறந்தா கோழிகூட முட்டை போட மறந்துடும்" என்பார்கள்.

கல்யாணமாகி வந்த வீட்டில் அவளுக்கு ஈடுகொடுத்துப் பேசக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். பக்கத்துத் தீவிலிருந்து அடிக்கடி வந்துபோகும், புருஷன் செமிசியின் அக்கா லெசியேலி. ஆனால் அவளை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. அந்த ஊர் வழக்கப்படி தம்பி பிள்ளைகள் மேல் தகப்பனைவிட அத்தைக்குத்தான் உரிமை. அவள் கேட்டால் பாயைக் கொடுக்க வேண்டும், பன்றியைக் கொடுக்க வேண்டும், பிள்ளையையும் கொடுக்க வேண்டும். விகாவுக்கு மகள் பிறந்தபோது பெயர் வைத்தவளும் லெசியேலிதான். இளம் வயதில் செத்துப்போன தன் தங்கையின் பெயரை வைத்தாள்: கலோலைனே.

ஏழு வயதில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. விகா அவளைக் கடல் கடந்து ஆக்லாந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முதுகுத்தண்டில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். நோய் தலைக்கும் போயிருந்ததால் அங்கே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒரு மாத்திரை தின்ற வாரங்களில் குழந்தை ஓயாமல் பசி பசி என்று அழுதது, தட்டை வீசியது, தாயின் கையைக் கடித்தது. கடைசியில் நோய் போயிற்று.

ஊருக்குப் புறப்படும்போது, அங்கே வேலை பார்த்த டோங்கா நர்ஸ் ஒருத்தி, டாக்டர் சொன்னதைத் தாய்மொழியில் எடுத்துச் சொன்னாள். "வைத்தியம் பிள்ளையைக் காப்பாத்திடுச்சு. ஆனா தலைக்குள்ள எல்லாத்தையும் மெதுவாக்கிடுச்சு. இனிமே ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் சொல்லு. சொல்லிட்டுப் பொறுத்திரு, என்ன?"

விகா தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதும் வேகமாகத்தான்.

திரும்பி வந்த பிள்ளை அடிக்கடி இடது பொட்டில் கையை வைத்து வலி என்பாள். முடி புதிதாக முளைத்தது. முன்பு சுருட்டையாக இருந்த முடி இப்போது நேராக, மெல்லிசாகப் படிந்தது. "என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் லெசியேலி.

"மாம்பழம் வேணுமாடி?" என்று விகா கேட்பாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தபடியே நிற்பாள். கண்ணில் ஓர் அசைவும் இருக்காது. விகா சலித்துப்போய், அடுத்ததைக் கேட்டு, அதற்கடுத்ததையும் கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பிறகு வேறு ஆளில்லாத அறையிலிருந்து குரல் வரும்.

"ம். கொஞ்சம்."

எட்டிப் பார்த்தால் கலோலைனே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். இன்னொரு நாள், "நான் உடைக்கல" என்றாள், வெறும் வாசலைப் பார்த்து. பள்ளியில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள்.

"உன் பொண்ணு காத்தோட பேசுறாளாமே, விகா?" என்றாள் கொட்டகையில் ஒருத்தி. விகா பதிலுக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று மற்றவர்கள் சிரிக்கத் தயாராகப் பார்த்தார்கள். அவள் குனிந்து காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அவளுக்கும் பயம் வந்துவிட்டது. தலை வாரும்போது கை தயங்கியது. தான் கூட்டிப்போனது ஒருத்தியை, கூட்டி வந்தது வேறொருத்தியையோ என்று தோன்றும். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். மறுபடி அதே நினைப்பு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு லெசியேலி வாயைத் திறந்தாள்.

"இவ பேசுறது என் தங்கச்சியோட. கல்லறையில அவ தலைக்குள்ள வேர் ஏறியிருக்கும். அதான் அவ பேர் வெச்ச பிள்ளைக்குத் தலை வலிக்குது."

"அக்கா, ஆஸ்பத்திரியில சொன்னாங்க..."

"ஆஸ்பத்திரிக்காரனா இவளுக்குப் பேர் வெச்சான்?" லெசியேலி தம்பி பக்கம் திரும்பினாள். "தங்கச்சி எலும்பை எடுத்துச் சுத்தம் பண்ணுவோம். அப்பவும் தெளியலேன்னா பிள்ளை என் தீவுக்கு வரட்டும். கண்ணுலயும் மூக்குலயும் இலைச்சாறு விட்டு, உள்ள இருக்கிறவ போற வரைக்கும் நானே வெச்சுக்கறேன்."

செமிசி பாயைப் பார்த்தபடி, "சரிக்கா" என்றான். விகாவிடம் யாரும் கேட்கவில்லை.

விடிந்ததும் கல்லறையின் வெள்ளை மணலை வாரி ஒதுக்கித் தோண்டினார்கள். பக்கத்தில் நின்ற சீமைப்பலா மரத்தின் வேர் மண்ணுக்குள் இறங்கி, மண்டையோட்டின் இடது பொட்டு வழியாக உள்ளே நுழைந்திருந்தது. கலோலைனே கையை வைத்து வலி வலி என்று காட்டும் இடம் அதுதான். தோண்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

லெசியேலி வேரை அறுத்து எடுத்தாள். எலும்புகளைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்தாள். கை வேலை செய்யும்போதே செத்தவளோடு படபடவென்று பேசினாள். "வலிச்சுதா கண்ணு? ஏன் சொல்லலே? கனவுலயாவது வரக்கூடாதா? இனிமே பிள்ளையை விட்டுடு, கேக்குதா?"

கலோலைனே மண்டையோட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவளிடம் பயமே இல்லை.

"மெதுவா கேளுங்க அத்தை" என்றாள். "வேகமா கேட்டா பதிலை எங்கே சொல்றதுன்னு அவளுக்குத் தெரியாது."

லெசியேலி எண்ணெய்க் கையோடு பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"நீ யாரு? உன் பேரைச் சொல்லு."

பிள்ளையின் கண்ணில் ஒன்றும் இல்லை.

"இன்னும் போகல. செமிசி, படகை ரெடி பண்ணு."

நர்ஸ் சொன்னது அப்போதுதான் உறைக்க, விகா எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க கேட்டாச்சு. இனிமே யாரும் பேசாதீங்க."

"என்னடி, எனக்கே..."

"பேசாதீங்கக்கா. கும்பிடுறேன்."

அப்படி ஒரு மௌனத்தை அந்தக் குடும்பம் அதற்குமுன் அறிந்ததில்லை. ஒரு பன்றி வந்து தோண்டிய மண்ணை முகர்ந்துவிட்டுப் போனது. சீமைப்பலா இலை ஒன்று விழுந்தது. செமிசி தொண்டையைச் செருமப் போனான். விகா ஒரு பார்வை பார்த்தாள். லெசியேலியின் பிடி தளர்ந்து, கை தானாகக் கீழே இறங்கியது. விகாவின் வாய்க்குள் நூறு வார்த்தைகள் முட்டின. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கலோலைனே" என்றாள் பிள்ளை. "விகா பொண்ணு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு அத்தை. வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

லெசியேலி விகாவின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு நேரமாகுமா?"

"ஆகும்க்கா."

லெசியேலி துணியின் ஓரங்களை மடித்து எலும்புகளை மூடினாள். "சரி, உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா உன் வாயை எதை வெச்சுடி கட்டுவே?"

விகா வாயைக் கட்டத்தான் செய்தாள். கொட்டகையில் பழைய விகாதான். வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்று கேட்பாள், கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். வந்தவர் போனவரையும் உட்கார வைத்தாள். கணக்குப் பாடம் பிள்ளைக்கு ஏறவில்லை, சொன்னது மறக்கும், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் சுவரோடு பேசுவது நின்றுபோயிற்று. கேட்டவர் காத்திருந்தால் பதில் கேட்டவரிடமே வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு பதில்தான் மிச்சம். கல்லறையை மூடிவிட்டு வந்த அன்று சாயங்காலம், விகா வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே தனியாக இருந்த கலோலைனே தெளிவாகச் சொன்னாள்: "இல்ல, நான் வரல. அம்மாகூடவே இருக்கேன்."

லெசியேலிக்குச் சொல்லும் பதில் என்றுதான் விகா முதலில் நினைத்தாள். கத்தி பாதிக் கிழங்கில் நின்றது. வருகிறாயா என்று லெசியேலி பிள்ளையிடம் கேட்கவே இல்லை, தம்பியிடம்தான் சொன்னாள். வேறு யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் பேசிய அத்தனை பேச்சையும் விகா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

எழுந்து உள்ளே போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் கேட்டது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.