ஒன்பதாம் நம்பருக்கு ஒரு ஆள்

எண்பதுகளின் நடுவில் பாரிசில், லா சப்பலில் எங்கள் ஊர்க்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் உதைபந்தாட்ட ரீம் ஒன்று கட்டுவதற்குக் காணாது. ஒருவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்னொருவருக்கு ரெஸ்ரோறன்டில் பாத்திரம் கழுவிக் கழுவி முதுகு போய்விட்டது. மூன்றாமவர் பனிக்காலத்தில் மாபிள் படியில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். ஓடக்கூடிய கால் உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுத்தால் பத்துப் பேர்தான் தேறுவார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் கூடி இவர்கள் போடும் வாக்குவாதத்தைக் கேட்டால், உலகக் கிண்ணத்துக்கு ஆள் தெரிவுசெய்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

வீடு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு அறை, ஒரு குசினி. மேம்பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவார்கள். அறை என் அண்ணைக்கு, குசினி எனக்கு. நான் படுப்பதும் அங்கேதான், அழுவதும் அங்கேதான். அழுததை யாராவது கண்டால் வெங்காயம் என்று சொல்லிவிடலாம்.

கோடையில் பொபினிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஊர் ஊராக ரீம் கட்டி விளையாடுவார்கள். ஊர் ரீம் என்றால் ஊர்க்காரன்தான் இறங்கலாம். ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது ஊரில் பெண் எடுத்திருக்கவேண்டும். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வீடு வாசலையெல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், இதைமட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அண்ணைதான் ரீமுக்குப் பொறுப்பு. விளையாடத் தெரியாதவர், விளையாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

பதினோராவது ஆள் வந்துகொண்டிருந்தார். ஊரில் நடுவில் நின்று கோல் அடித்தவர், ஒன்பதாம் நம்பர். அவர் வந்து இறங்கினால் இந்த முறை கிண்ணம் எங்களுக்கு என்று எல்லோரும் நம்பினார்கள். ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் மாசி மாதம் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜேர்மன் எல்லையில் பனிக் காட்டுக்குள் அவர்களை நடக்கவிட்டிருக்கிறான். நாலு பேர் பாரிசுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் எங்கே என்று கேட்டதற்கு, எங்களுக்குப் பின்னால்தான் வந்தவர் என்று நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். பிடிபட்டிருப்பார், ஜேர்மன் முகாம் ஒன்றில் வைத்திருப்பார்கள், விட்டுவிடுவார்கள் என்று அண்ணை சொன்னார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏனென்றால் அந்த ஒன்பதாம் நம்பருக்குத்தான் என்னைக் கல்யாணம் பேசி முற்றாக்கி இருந்தார்கள். இங்கே இது அண்ணைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆள் வந்து சேருமுன் வெளியில் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று அண்ணை வாயைக் கட்டி வைத்திருந்தார். அதனால் கவலைப்படும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிற்று. ரீமுக்கு ஆள் வராததைப் பற்றி முழுப் பாரிசும் கவலைப்படலாம், நான் தேத்தண்ணி ஊற்றவேண்டும்.

பங்குனி போனது, சித்திரை போனது. ஒவ்வொரு ஞாயிறும் அதே வாக்குவாதம். இடது பக்கத்தில் யார், பின்னால் யார், நாற்பது வயதுக்காரரைக் கோலுக்குள் விடலாமா என்றெல்லாம் சுற்றிவிட்டு ஒன்பதாம் நம்பரில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். இடத்தை வைத்திருப்போம் என்று ஒரு பகுதி. வராதவனை நம்பி முழு சீசனையும் பாழாக்குவதா என்று மற்றப் பகுதி. முதுகு நோக்காரர்தான் இரண்டாவது பகுதிக்குத் தலைவர். அவருக்குக் குரல் மட்டும் நன்றாக வேலை செய்தது. நான் குசினிச் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்பேன். வருவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கிழமை சோறு இறங்கும். வரமாட்டான் என்று சொன்னால் இறங்காது. பந்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களின் வாயில் என் உயிர் கிடந்தது.

அவரோடு நான் ரெலிபோனில் இரண்டு தரம்தான் கதைத்திருக்கிறேன். இரண்டாம் தரம், பாரிசில் மைதானம் புல்லா மண்ணா என்று கேட்டார். எனக்கு அப்போது தெரியாது, புல் என்று சொன்னேன்.

வைகாசியில், போட்டிக்குப் பெயர் கொடுக்கவேண்டிய ஞாயிறு வந்தது. அன்று முதுகு நோக்காரர் ஒரு தீர்வோடு வந்தார். பாரிசுக்கு வெளியே கார்ஜில், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவன் இருக்கிறான், நல்ல காலடி, தலையாலும் அடிப்பான், அவனுடைய ஊருக்கு இங்கே ரீம் இல்லை. ஊர்ப் பெடியன் இல்லையே என்று ஒருவர் கேட்டார். ஊரில் பெண் எடுத்தால் ஊர்க்காரன்தானே என்றார் இவர். பிறகு அண்ணையைப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் வெளியில் தேடவேண்டும், கல்யாண எழுத்தை மட்டும் இப்போது முடித்தால் சீசனுக்குக் காணும் என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். ஒரே கல்யாணத்தில் ரீமுக்கு ஆளும், எனக்கு மாப்பிள்ளையும்.

அண்ணை மறுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மெத்ரோ வந்தது, போனது, அதன் பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில்தான் எனக்கு விளங்கியது, அண்ணையும் கைவிட்டுவிட்டார் என்று. தட்டோடு அறைக்குள் போனேன். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைக்கத்தான் நினைத்தேன், தட்டையே மேசையில் போட்டேன்.

"எனக்குப் பேசினது அவரை. அவரின்ரை இடத்திலை ஒருத்தரையும் போட வேண்டாம். ஆள் காணாட்டி பத்துப் பேரோடை விளையாடுங்கோ."

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதுகு நோக்காரர் முதலில் எழும்பிப் போனார். வாசலில் நின்று சப்பாத்தைப் போட அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. குனிய முடியாததாலா, அழுததாலா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கோடை முழுவதும் பத்துப் பேரோடுதான் விளையாடினார்கள். அண்ணை பதினொரு ஜேர்சியையும் பையில் கொண்டுபோவார். ஒன்பதாம் நம்பரை மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நானும் போய்க் கோட்டோரம் நின்றேன். இடது பக்கத்தில் இருந்து நல்ல நல்ல பந்துகள் நடுவுக்கு வந்தன. அங்கே யாரும் இல்லை. பந்து அப்படியே உருண்டு மற்றப் பக்கத்தால் வெளியே போகும். எதிர் ரீம்காரர்கள் முதலில் சிரித்தார்கள், கதை பரவியபின் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒரு மட்ச்கூட வெல்லவில்லை. பின்னேரம் பதினொரு ஜேர்சியும் எனக்குத் தோய்க்க வரும். பத்தில் சேறு, ஒன்று சுத்தம். நான் சுத்தமானதையும் தோய்த்துத்தான் காயப்போட்டேன்.

அண்ணை தட்டாத கதவில்லை. ஜேர்மனியில் தெரிந்தவர்கள் முகாம் முகாமாகக் கேட்டார்கள். அவருடைய தாய் ஊரில் இருந்து கடிதத்தில் கேட்டிருந்தார். இறந்தார் என்ற செய்தியாவது வந்திருந்தால் தலையில் அடித்து அழுதிருப்பேன். அதுவும் வரவில்லை.

அடுத்த பங்குனியில் மறுபடியும் கூடினார்கள். இப்போது ஒரு புது வழக்கம் வந்திருந்தது. இடது பக்கம், பின் பக்கம், கோல் எல்லாம் கதைத்தார்கள், நடுவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரை எப்படிப் பரவி நிறுத்தினால் ஓட்டை தெரியாது என்று முதுகு நோக்காரர் தணிந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டே பழகிய மனுசன். எனக்காக அவர் குரலைத் தணித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பதாம் நம்பர் வருவார் என்று நம்பியிருந்தால் இவ்வளவு கவனமாக இருந்திருக்கமாட்டார்கள். அந்த அறையில் எல்லோரும் அவரைப் புதைத்து முடித்துவிட்டு, அது எனக்குத் தெரியவராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் மண் போடாமல் நின்றேன்.

"அண்ணை, ஒன்பதாம் நம்பருக்கு வேறை ஆளைப் போடுங்கோ" என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"அவன் வந்தால், பிள்ளை?"

"வந்தால் அவரோடை நான் கதைக்கிறன்."

கார்ஜ் பெடியனைச் சேர்த்தார்கள். அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. பக்கத்து ஊரும் ஊர்தான் என்று அன்றே சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் மாறிய சட்டம். அதை ஒரு வருடம் முந்தியே மாற்றியிருந்தால் அந்தத் தட்டு மேசையில் விழுந்திராது.

முதல் மட்ச் அன்று காலையில் மழை. எங்கள் ஆட்கள் வென்றார்கள். இடது பக்கத்தில் இருந்து நடுவுக்கு வந்த பந்தைக் கார்ஜ் பெடியன் தலையால் அடித்து உள்ளே போட்டான். முதுகு நோக்காரர் முதுகை மறந்து அவனைத் தூக்கப் போனார். நானும் கை தட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் தட்டினேன்.

பின்னேரம் அண்ணை பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் ஜேர்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் போட்டேன். பதினொன்றிலும் சேறு இருந்தது.