கடைசி நாற்காலி

"துருக்கிக்காரரு பண்றதப் பாத்துட்டு நீயும் கெளம்பாதம்மா. டெபாசிட் போச்சுன்னா மறுபடி உன்ன எவன் வேலைக்குச் சேப்பான்?"

எங்கள் சைட் ஃபோர்மேன் கேட்டது இது. புதுக்கோட்டைக்காரர், அப்பாவின் கூட்டாளி, எனக்குச் சித்தப்பா முறை. அவர் சொன்ன துருக்கிக்காரர் எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தவர்.

அப்பா அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் லாரி மெக்கானிக். சம்பளம் வாங்க இன்றைக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங் வரை போனேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். அபுதாபியில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒரு துருக்கிக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது.

காலை மீட்டிங் தகரக் கேபினில் நடக்கும். கதவோரத்துக் கடைசி நாற்காலி புதிதாக வந்தவருக்கு. முதல் நாள் அதில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மேனேஜர் உள்ளே வந்தார், நேராக என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, இன்னைக்கு எங்கே தப்பு நடக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் காத்திருந்தார். பெரிய இன்ஜினியர்களும் காத்திருந்தார்கள்.

"நேத்து ஜாயினிங் பேப்பர் குடுக்க வந்தப்ப பாத்தேன். ரெடிமிக்ஸ் லாரிங்க மத்தியான வெயில்ல கேட்டுலயே நிக்குது சார். கொட்டுறதுக்குள்ள கான்கிரீட் இறுகிடும்."

அன்றே கான்கிரீட் வேலை விடியற்காலைக்கு மாறியது. அவர் மீட்டிங் எப்போதும் கடைசி நாற்காலியில்தான் தொடங்கும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு.

ஒருநாள் தன் ஊரில் மேயர் தேர்தலுக்கு நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராஜினாமா செய்தார். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "வில்லா குடுத்திருக்கான், வண்டி குடுத்திருக்கான். எல்லாத்தையும் விட்டுட்டு ஓட்டுப் பிச்சைக்குப் போறாரே! மண்டைல வெயில் ஏறிடுச்சுப்பா."

தோற்றுப்போனார்.

கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் முன்பு இவருக்குக் கீழே இருந்தவர் இப்போது மேனேஜர். இவர் அவருக்குக் கீழே. வந்த முதல் நாள் கேபினில் காலியாக இருந்தது கதவோர நாற்காலி மட்டும். நான் பதறி எழுந்து என் இடத்தைக் காட்டினேன். அவர் கையமர்த்திவிட்டுக் கடைசி நாற்காலியிலேயே உட்கார்ந்தார். புது மேனேஜர் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகுதான் யாரைக் கேட்கிறோம் என்று உறைத்துக் கூச்சத்தில் முகம் சிவந்தார்.

"வரும்போது பாத்தேன், கிரேன் கயிறு தேஞ்சிருக்கு. இன்னைக்கு நிறுத்திப் பாக்கணும்," என்றார் அவர், அந்த நாற்காலி தனக்கென்றே போட்டதுபோல.

டீ நேரத்தில் சித்தப்பா சும்மா இருக்கவில்லை. முடிந்ததா என்று சைட் அரபியில் கேட்டார். "சார், எலெக்‌ஷன் கலாஸ்?"

அவர் சிரித்தார். "கலாஸ் மாஃபி, பாய். இன்னும் முடியல. எங்க ஊர்ல பாதித் தெருதான் நடந்திருக்கேன். மீதி இருக்கு."

மனிதர் தோல்வியைக்கூட பாதியில் நிற்கும் வேலையாகத்தான் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. அடுத்த தேர்தலுக்குப் போனார். ஜெயித்தார்.

சில மாதம் கழித்து மெஸ்ஸில் துருக்கிச் சமையல்காரர் டிவியை உரக்க வைத்து எங்களைக் கூப்பிட்டார். அவர் ஊர் நகராட்சிக் கூட்டம். நீள மேஜை, கோட் போட்ட பெரியவர்கள். மேஜை முனையில் எங்கள் பழைய மேனேஜர். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கை நீண்டது கோட்டுக்காரர்களை நோக்கி அல்ல. கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை நோக்கி. அவள் திகைத்து எழுந்தாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் டேங்க் ஒன்று நிற்கிறது. கால் தூண்களில் கம்பி வெளியே தெரிகிறது. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். லீவில் போனபோது பஞ்சாயத்தில் சொன்னேன். "தலைவர் வரட்டும்" என்றார்கள். தலைவர் பதவி பெண்களுக்கான ஒதுக்கீடு. ஆனாலும் தலைவராக ஜெயித்த அம்மாவின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்திருந்தார்.

அபுதாபி திரும்பியதும், அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நானே நிற்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு ஊர்ல என்ன கேப்பானோ தெரியாது. நம்ம ஊர்ல ஓட்டுக் கேக்கப் போனா மொதல்ல நீ யாரு, எந்தத் தெருன்னுதான் கேப்பான்."

"கேக்கட்டும்ப்பா. அந்த டேங்க் விழுந்தா தெரு பாத்தா விழும்?"

"தோத்துட்டா?"

"மீதித் தெரு நடப்பேன்."

மறுநாள் அப்பா என் பயணப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

சித்தப்பாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. வேலையை விட்டு, விசாவைக் கேன்சல் செய்து, கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட்டையும் வாங்கிவிட்டேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். இதை எழுதுவது திருச்சி விமானத்தில், கடைசி வரிசை இருக்கையில்.