நாலு மணி ஆய்வு

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, கருவேப்பிலங்குறிச்சி போகிற பக்கமிருந்த செம்மண் தரிசு ஒன்றை ஆய்வு செய்து அறிக்கை எழுதினேன். பீங்கான் பட்டறைக்காரர் ஒருவர் களிமண் கொட்ட அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். படிவத்தில் 'நிலைத்த தாவரங்கள்' என்று ஒரு கலம் உண்டு. 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து நாலு வருடத்தில் நான் மிக அதிகமாக எழுதிய சொல் அதுதான்.

ஓய்வுக்குப் பிறகு மாலை நடைக்கு அதே தரிசுக்குப் போனேன். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனிதரைப் பார்த்துப் பேசமாட்டார், தரையைப் பார்த்துத்தான் பேசுவார். பட்டறைக்காரர் ஒரு மூலையில் மட்டும் மண்ணையும் உடைந்த பீங்கானையும் கொட்டியிருந்தார், மீதி வெற்றாகக் கிடந்தது. எல்லைக் கல்லுக்குச் சற்றுத் தள்ளிக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தரையோடு தரையாகப் படர்ந்த ஒரு சின்னச் செடி. இலையெல்லாம் பட்டு ரோமம்.

"விஷ்ணுகிராந்தி மாதிரி இருக்குது. பூவைப் பாக்காம சொல்லமாட்டேன்" என்றார். அறிக்கைக் கதை அவருக்குத் தெரியும். "இதுல ஒரு வருஷத்துல சாவுறதும் இருக்குது, பல வருஷம் நிக்கிறதும் இருக்குது. நிக்கிறதா இருந்தா உங்க ரிப்போர்ட்டு பொய்யிங்க சார்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் அறிக்கையில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். என்னுடையதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்று வாரம் தினமும் நாலு மணிக்குப் போனேன். பூ இல்லை. தேதி போட்டு 'பூ இல்லை' என்று நோட்டில் எழுதினேன். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா, என் வயதுதான் இருக்கும், ஒருநாள் கிட்டே வந்து கேட்டார்.

"என்னா சார், டெய்லி ஒக்காந்து எழுதறீங்க. எதுனா தொலச்சிட்டீங்களா?"

"இந்தச் செடி எப்பம்மா பூக்கும்?"

"இன்னைக்குக்கூட பூத்துது. காலையில பூக்கும், மத்தியானம் மூடிக்கும். நாலு மணிக்கு வந்தா? அது என்ன உங்க ஆபீஸா, அஞ்சு மணி வரைக்கும் தெறந்து வெக்க?"

நோட்டை மூடினேன். எங்கள் அலுவலகத்தில் வெளி ஆய்வு என்றால் டீ குடித்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவது, அப்படியே வீட்டுக்குப் போய்விடுவது. விதியில் கிடையாது, எல்லோரும் செய்தோம். முதல் ஆய்வுக்கும் நான் அப்படித்தான் வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூ இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு, நல்ல நீலம். பக்கத்து வீட்டுக்காரர் லென்ஸை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். இதழ்கள் ஒட்டிய ஒரே வட்டம். மகரந்தத் தாள் ஐந்து. நடுவில் இரண்டு மெல்லிய சூல்தண்டு, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்தது. செடியின் கொடி எதையும் சுற்றிக்கொண்டு ஏறவில்லை.

"விஷ்ணுகிராந்திதான். இனிமே வேரைப் பாக்கணும். புடுங்குங்க."

"சாட்சியைக் கொன்னுட்டு விசாரணையா? இந்தத் தரிசுல நமக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் இருக்குது."

"அப்ப வெயில் காலம் முடியற வரைக்கும் காத்திருக்கணும். பட்டுப் போய் அதே எடத்துல துளுத்தா பல வருஷச் செடி."

காத்திருந்தேன். பட்டறைக் குப்பையிலிருந்து விளிம்பு உடைந்த சாசர் ஒன்றை எடுத்துச் அடையாளத்துக்குச் செடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். எல்லைக் கல்லிலிருந்தும் ஒற்றைப் பனையிலிருந்தும் டேப் பிடித்து அளந்து குறித்துக்கொண்டேன். வைகாசியில் செடி கருகி, விரல் பட்டால் பொடியாகிற நூலாகக் கிடந்தது. ஆனியில் போனால் சாசரே இல்லை.

"கோழிக்குத் தண்ணி வெக்க நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன் சார்" என்றார் ஆட்டுக்கார அம்மா. "சும்மாதான கெடந்துது."

போகட்டும், அளவு நோட்டில் இருந்தது.

ஆடியில் இரண்டு நல்ல மழை. மறுவாரம் டேப்பை இரண்டு பக்கமும் பிடித்தோம். இரண்டு அளவும் சேர்ந்த இடத்தில், காய்ந்த நூல்களுக்கு நடுவே, பட்டு ரோமத்தோடு ஐந்தாறு துளிர். பக்கத்து வீட்டுக்காரர் ஓரத்து மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கினார். அடியில் கட்டையாகிப்போன வேர்க்கழுத்து, பென்சில் தடிமன்.

"இது ஒரு வருஷத்துல வந்த கட்டையில்ல. நீங்க கையெழுத்துப் போட்டப்பவே இருந்திருக்கும்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. மண்ணைத் திரும்ப மூடினார்.

ஓய்வு பெற்றவர் தன் பழைய அறிக்கையைத் தானே திருத்தப் படிவம் கிடையாது. அப்படி ஒரு படிவம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவன் இந்த ஊரில் நான்தான். வெள்ளைத் தாளில் மனுவாக எழுதினேன்: 'ஏதுமில்லை என்று நான் குறித்தது தவறு. விஷ்ணுகிராந்தி, பல்லாண்டுச் செடி, ஒன்று உள்ளது.' இரண்டு அளவுகளையும் இணைத்து நேரில் கொண்டுபோனேன்.

பிரிவு எழுத்தர் என்னிடம் வேலை கற்றவர். இரண்டு முறை படித்தார். "சார், இதுக்கு என்ன ஆக்ஷன் எடுக்கறது?"

"மறு ஆய்வு. அதுக்கு முன்னால நகல்ல சீல் வைங்க."

சீல் வைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டைரியைத் திறந்தார். "சரிங்க சார். புதன்கிழமை நாலு மணிக்கு வரட்டுமா?"

"ஏழு மணிக்கு" என்றேன். "காலையில."