காது மிஷின் வயர்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். வெளுத்த காக்கிச் சட்டை, சட்டைப் பையில் காது கேட்கும் மிஷின். அதிலிருந்து காதுக்குப் போகிற வயர் அறுந்திருந்தது. யார் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிற பழக்கம் அவருக்கு.

“இந்த வயர் மெயின்லேண்டிலேருந்து கப்பல்லதான் வரணும். விலையும் ஜாஸ்தி” என்று அவர் காதருகே கத்தினேன்.

மேஜையில் கிடந்த பழைய ரேடியோ வயரைக் காட்டினார். “இதைக் கட்டிக் குடுங்க தம்பி.”

“கட்டினா கேக்காதுங்க ஐயா!”

“கேக்க வேணாம். தொங்குனா போதும். வயர் அறுந்ததிலேருந்து டீக்கடையில ஒருத்தரும் எங்கிட்ட பேசுறதில்ல.”

எனக்கு எரிச்சல். உதவாததைக் கட்டிக் கொடுக்கவா கடை வைத்திருக்கிறேன்? இருந்தாலும் கட்டிக் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கப்பல் தாமதம், பஜாரில் எங்கும் அரிசி இல்லை என்று நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். ஊருக்குப் போன என் மனைவி இனி வரமாட்டாள் என்றேன். அதற்கும் சிரித்தார்.

நான் கத்தாமலே பேசிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பேச்சை நிறுத்த மனம் வரவில்லை.