மெலிந்ததற்குக் கிடைத்த பாராட்டு

"பிள்ளை பெத்த ஒடம்பா ஆத்தா இது? காலேசுப் பொண்ணு கணக்கால்ல இருக்க!" திருத்தங்கலில் எங்கள் தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விடும் என்றார்கள். போகவில்லை. மாத்திரை விழுங்கினேன். பிள்ளைக்குச் சேராது என்று மாமியார் சொன்னதால் முட்டையையும் கறியையும் விட்டேன். குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் போனது. ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு எழும்போது தொடை நடுங்கி, அவளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோம்பேறியாகிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மேல்கையைப் பிடித்துப் பார்த்தார். "கரைஞ்சது கொழுப்புன்னா நெனச்ச? இது சதைம்மா. இன்சுலின் சுரக்குது, ஒன் செல்லு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. நீ வீட்டுல எல்லார் பேச்சையும் கேக்குற. அது யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது."

நான் உயிர்வேதியியல் படித்தவள். செல், வேண்டாத புரதத்துக்கு அடையாளம் ஒட்டித் தனக்குள்ளேயே துண்டாக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். இன்சுலின்தான் அந்த உடைப்பை அடக்கி வைக்கிறது. அதன் சொல் எடுபடாவிட்டால் தசையே கரையும். இதெல்லாம் தெரிந்தும், என் தொடையில் நடந்தபோது உறைக்கவில்லை. என்ன படிப்பு அது?

டாக்டர் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

"மருந்து பால்ல இறங்கும். பச்சப் பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கப் போற?" என்றார் மாமியார்.

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்த கணவர், "சீசன் முடியட்டும், பெறகு பாப்போம்" என்றார். சீசன் பார்த்தா என் சதை கரைகிறது?

பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் பயம். அத்தை சொல்வது ஒருவேளை சரியோ? ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் வைத்த மருந்தை நான்கு நாள் தொடவில்லை.

ஐந்தாம் நாள் காலை அத்தையே அதை வெளியே எடுத்தார். "இது எதுக்கு இங்கன கெடக்கு? தூரப் போட்டுட்டு வாரேன்."

"குடுங்க அத்தை."

"எம்புட்டுச் சொல்லியும்..."

"குடுங்கன்னு சொல்றேன்ல!"

அந்த வீட்டில் என் குரல் அப்படி உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் முன்னாலேயே வயிற்றில் ஊசி போட்டேன். ஊசி சரியாக இறங்கவில்லை. இழுத்து மறுபடி குத்தினேன். என் நிழல்கூடப் படக்கூடாது என்பதுபோல அத்தை மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மகள் பசித்து வீறிட்டு அழுததும் என்னிடம்தான் கொண்டுவந்தார்.